துறவியின் தோட்டமும் தோலோடு உண்ணும் பட்டாணியும்

யூபிலி மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை எழுதித் தருமாறு மலர்க் குழுவினர் நம்மைக் கேட்டனர். பட்டாணியின் வரலாற்றை எழுதுகிறோம் என்றதும் அவர்கள் சிரித்துவிட்டார்கள். ஆலயம் எழும்பிய வரலாறும், மணிக்கூண்டின் கதையும், பங்குக் குருக்களின் வரிசையும் இம்மலரின் மற்றப் பக்கங்களை அணி செய்கின்றன. அவற்றுக்கிடையே நம் பங்கு மக்கள் சமையலறையில் வைத்துப் படிக்கவும் ஒரு பக்கம் இருக்கட்டுமே என்பது நம் விண்ணப்பம். தவிரவும், பட்டாணியின் வரலாற்றைத் தொடங்கினால் அது ஓர் அகுஸ்தினார் சபைத் துறவியின் தோட்டத்தைத் தொடாமல் போவதில்லை.

நாம் இங்கு எடுத்துக்கொண்டது தோலை உரித்தெறிந்து மணியை மட்டும் எடுக்கும் பட்டாணியை அன்று. தோலும் மணியுமாக அப்படியே கடித்து உண்ணும் 'சுகர் ஸ்நாப்' என்னும் இளம் பட்டாணியைப் பற்றியே சொல்ல வந்தோம். இரண்டு விரல்களால் பிடித்து வளைத்தால் பீன்ஸ் ஒடிவது போலச் சட்டென்று ஒடியும். வாயிலிட்டால் இளங்கரும்பின் நுனி போல இனிக்கும்.

சாதாரணப் பட்டாணியின் தோலை நாம் ஏன் உண்பதில்லை? ஒரு காயைப் பிளந்து அதன் உட்புறத்தை நகத்தால் கீறிப் பாருங்கள். கண்ணாடித்தாள் போன்ற ஒரு சவ்வு கையோடு வரும். எத்தனை நேரம் வேக வைத்தாலும் அது மசியாது. வாயில் சக்கையாகவே நிற்கும். செடிக்கு அதனால் ஒரு பயன் உண்டு. காய் முற்றிக் காயும்போது இச்சவ்வு முறுக்கிக்கொள்ள, காய் வெடித்து விதை தெறிக்கிறது. இந்தச் சவ்வு இல்லாத வகைகளும் உலகில் உண்டு. அவற்றுள் பழையது, சீனச் சமையலில் இடம்பெறும் மெல்லிய தட்டைப் பட்டாணி. அதை மணி திரளுமுன்பே பறித்துவிட வேண்டும். இன்னொன்று, தோலும் சதைப்பற்றாய், மணியும் திரண்டு, உருண்டையாய் இருக்கும் சுகர் ஸ்நாப். உலகச் சந்தைக்கு இது வந்து அரை நூற்றாண்டும் முழுதாகவில்லை. ஆனால் அது பிறப்பதற்கு வேண்டிய விதி ஒரு மடத்துத் தோட்டத்தில் அதற்கு நூறாண்டுக்கு முன்பே கண்டறியப்பட்டிருந்தது.

தவக்காலக் கூழிலிருந்து அரண்மனை விருந்துக்கு

பட்டாணி மேற்காசியாவில் ஏறத்தாழப் பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பயிரிடப்பட்ட பழம்பயிர். கோதுமை, பார்லியோடு உடன்பிறந்தது என்றே சொல்லலாம். ஆயினும் அந்த நெடுங்காலம் முழுவதும் மக்கள் பெரும்பாலும் உண்டது காய்ந்த பட்டாணியையே. மத்திய கால ஐரோப்பாவில் அது ஏழைகளின் அன்றாட உணவு. தவக்காலத்தில் எல்லாருக்கும் உணவு. இறைச்சியும் முட்டையும் விலக்கப்பட்ட நாற்பது நாளும் பட்டாணிக் கூழ் வீட்டு அடுப்பிலும் மடத்து அடுப்பிலும் கொதித்துக்கொண்டிருந்தது. பச்சையாகப் பறித்து உண்பது பதினேழாம் நூற்றாண்டில்தான் நாகரிகமாயிற்று. 1660-ஆம் ஆண்டு ஜனவரியில், கடுங்குளிரில், இத்தாலியின் ஜெனோவாவிலிருந்து ஒரு கூடை பச்சைப் பட்டாணி பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயியின் முன் கொண்டுவந்து வைக்கப்பட்டது. அரசவையே வியந்தது. 1696-இல் மன்னரின் துணைவியார் மதாம் தெ மேந்தெனோன் எழுதிய கடிதம் ஒன்றில், அரசவையினர் நாள்கணக்காகப் பட்டாணியையன்றி வேறு பேச்சே பேசவில்லை என்று சலித்துக்கொள்கிறார். விருந்துண்டு வீடு திரும்பியபின் அஜீரணத்தையும் பொருட்படுத்தாமல் படுக்கைக்குமுன் மறுபடியும் ஒரு தட்டுப் பட்டாணி உண்ட சீமாட்டிகளும் இருந்தார்களாம்.

தோலோடு உண்ணும் வகையும் அக்காலத்தவருக்குத் தெரியாததன்று. 1597-இல் வெளிவந்த ஜான் ஜெரார்டின் ஆங்கில மூலிகை நூலிலேயே, உள்ளே சவ்வில்லாத பட்டாணி ஒன்று தனியாகக் குறிக்கப்பட்டிருக்கிறது. ஜெர்மன் மொழியில் அதைச் 'சர்க்கரைப் பட்டாணி' என்றார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தோல் தடித்த ஒரு வகையும் ஐரோப்பியத் தோட்டங்களில் 'வெண்ணெய்ப் பட்டாணி' என்ற பெயரில் இருந்தது. பின் வழக்கொழிந்து போயிற்று. சர்க்கரைப் பட்டாணி ஒன்றுதான் தோட்டத்தின் ஒரு மூலையில் பிழைத்துக் கிடந்தது. அதைத்தான் நம் துறவி எடுத்துப் பார்த்தார்.

உழவர் மகன்

யோகான் மெண்டல் 1822-ஆம் ஆண்டு ஜூலை 20-ஆம் நாள், அன்றைய ஆஸ்திரியப் பேரரசைச் சேர்ந்த ஹைன்சன்டார்ஃப் என்ற சிற்றூரில் பிறந்தார். இன்று அவ்வூர் செக் நாட்டில் இருக்கிறது. தந்தை அந்தோணி ஓர் உழவர். பண்ணையாருக்கு வாரத்தில் சில நாள் வெட்டி வேலை செய்தாக வேண்டிய காலம் அது. அப்படிப் போன இடத்தில் 1838-ஆம் ஆண்டு ஒரு மரம் அவர்மேல் உருண்டு விழுந்தது. அதன்பின் அவரால் முன்போல் உழைக்க முடியவில்லை. நிலம் மூத்த மருமகனிடம் போயிற்று. மகனின் படிப்பு நிற்கவேண்டியதுதான் என்றிருந்த வேளையில் தங்கை தெரேசா தன் திருமணத்துக்கென வைத்திருந்த சீதனத்தில் ஒரு பங்கை அண்ணன் கையில் கொடுத்தாள். நம் குடும்பங்களில் இத்தகைய தங்கைமாரை நாம் அறிவோம். அவர்களுடைய பெயர் எந்த மலரிலும் அச்சேறுவதில்லை. மெண்டல் மறக்கவில்லை. பிற்காலத்தில் அத்தங்கையின் மூன்று ஆண்மக்களையும் படிக்க வைத்தார். அவர்களுள் இருவர் மருத்துவராயினர்.

1843-இல் அவர் புரூன் நகரிலிருந்த புனித தோமையார் மடத்தில் சேர்ந்து கிரகோர் என்ற துறவறப் பெயர் பெற்றார். 1847-இல் குருப்பட்டம். நோயாளிகளைச் சந்திக்கும் பணியில் அவர் மனம் மிகவும் நைந்து படுத்த படுக்கையானதால், மடாதிபதி சிரில் நாப் அவரைப் பள்ளி ஆசிரியப் பணிக்கு அனுப்பினார். ஆசிரியர் தகுதித் தேர்விலோ அவர் தேறவில்லை! 1850-இல் ஒருமுறை, 1856-இல் மறுமுறை, இரண்டும் கைகூடவில்லை. இடையில் மடாதிபதி அவரை வியன்னாப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பியது மட்டும் வீண்போகவில்லை. அங்கே இயற்பியலும் கணக்கும் தாவரவியலும் கற்றுத் திரும்பினார். தேர்வில் தவறிய அதே 1856-ஆம் ஆண்டில், மடத்தின் சுவரோரம் ஏறத்தாழ முப்பத்தைந்து மீட்டர் நீளமும் ஏழு மீட்டர் அகலமுமான ஒரு துண்டு நிலத்தில் தம் பட்டாணி ஆராய்ச்சியைத் தொடங்கினார்.

துறவி ஒருவர் பொழுதுபோக்காகச் செடி வளர்த்தார், தற்செயலாக ஒரு விதியைக் கண்டார் என்று பள்ளிப் புத்தகங்கள் சொல்லும் பாங்கு நமக்கு உடன்பாடில்லை. விதை வணிகரிடமிருந்து முப்பத்து நான்கு வகைகளை வாங்கி, அவை கலப்பின்றி வருகின்றனவா என்று இரண்டு ஆண்டுகள் வெறுமனே வளர்த்துப் பார்த்தவர் அவர். இருபத்திரண்டை வைத்துக்கொண்டார். பட்டாணிப் பூ தன் மகரந்தத்தாலேயே தான் கருவுறும். எனவே இரண்டு வகைகளைக் கலக்க வேண்டுமானால் பூ விரியுமுன்பே மொட்டைப் பிளந்து, மகரந்தத் தாள்களை ஒவ்வொன்றாக இடுக்கியால் கிள்ளியெடுத்து, வேறு செடியின் மகரந்தத்தைத் தூவ வேண்டும். எட்டு ஆண்டுகளில், 1863 வரை, ஏறத்தாழ 28,000 செடிகள் அவர் கையால் கடந்து போயின.

ஏழு பண்புகளை அவர் தேர்ந்துகொண்டார். அவற்றுள் மூன்று நம் தட்டோடு நேரடியாகத் தொடர்புடையவை. முதலாவது, விதை உருண்டையா, சுருங்கியதா என்பது. நான்காவது, முற்றிய காய் உப்பி நிற்கிறதா, மணிகளுக்கிடையே ஒட்டிச் சுருங்கியிருக்கிறதா என்பது. ஏழாவது, செடி நெட்டையா, குட்டையா என்பது. இந்த நான்காவது பண்புதான் நாம் மேலே சொன்ன சவ்வைப் பற்றியது. சவ்வு உள்ளதாயின் காய் விறைப்பாக உப்பி நிற்கும். இல்லையாயின் காயும்போது தோல் மணிகளைக் கவ்விக்கொண்டு சுருங்கும். சர்க்கரைப் பட்டாணியையே அவர் இதற்கு எடுத்துக்காட்டினார்.

இரண்டையும் கலந்து முதல் தலைமுறையை விதைத்தபோது எல்லாக் காய்களும் உப்பியே இருந்தன. சர்க்கரைப் பட்டாணியின் குணம் தொலைந்தே போனது போலிருந்தது. மற்றொருவர் அத்தோடு விட்டிருப்பார். மெண்டல் அச்செடிகளின் விதையை மறுபடியும் விதைத்தார். 1,181 செடிகள் வந்தன. 882 செடிகளில் உப்பிய காய். 299 செடிகளில் சுருங்கிய காய். தொலைந்தது திரும்பியிருந்தது, அதுவும் மூன்றுக்கு ஒன்று என்ற கணக்கில். விதையின் உருவத்திலும் அப்படியே: 7,324 விதைகளில் 5,474 உருண்டை, 1,850 சுருங்கியவை. நெட்டையும் குட்டையும் அப்படியே: 787-க்கு 277. ஒரு குணம் மறைந்திருக்கலாம், அழிவதில்லை. ஓங்கு பண்பு என்றும் ஒடுங்கு பண்பு என்றும் நம் பிள்ளைகள் பாடமாகப் படிப்பது இதைத்தான்.

1865 பிப்ரவரி 8, மார்ச் 8 ஆகிய இரண்டு மாலைகளில் அவர் இதை நகரின் இயற்கை ஆராய்ச்சிக் கழகத்தில் வாசித்தார். 1866-இல் அச்சாயிற்று. நாற்பது தனிப்படிகள் எடுத்து அறிஞர்களுக்கு அனுப்பினார். மியூனிக் நகரப் பேராசிரியர் நேகெலி ஒருவர்தான் குறிப்பிடத்தக்க அளவில் பதில் எழுதினார். அவரும் இதன் பெருமையை உணரவில்லை. 1868-இல் மெண்டல் மடாதிபதியானார். மடங்களின்மீது அரசு விதித்த புதிய வரியை எதிர்த்து வழக்காடுவதிலேயே அவருடைய கடைசிப் பத்து ஆண்டுகள் கழிந்தன. 1884-ஆம் ஆண்டு ஜனவரி 6-ஆம் நாள் இறந்தார். அடக்கத் திருப்பலியில் இசை நடத்தியவர் பின்னாளில் புகழ்பெற்ற இசைமேதை லேயோஷ் யானாசெக். வந்திருந்தோர் ஒரு நல்ல மடாதிபதியை அடக்கம் செய்ததாகவே எண்ணித் திரும்பினர். பதினாறு ஆண்டுகள் கழித்து, 1900-இல், மூன்று நாட்டு அறிஞர் மூவர் தனித்தனியே ஆராய்ந்து அதே முடிவுக்கு வந்தபோதுதான் பழைய அச்சுத்தாளைத் தேடிப் படித்தார்கள்.

அந்தக் குணங்களுக்குக் காரணமான மரபணுக்கள் அவர் மறைந்து நூறாண்டுக்குப் பின்னரே ஒவ்வொன்றாகப் பிடிபட்டன. 1990-இல், விதை சுருங்குவதன் காரணம் தெரிந்தது: சர்க்கரையை மாவாகக் கட்டும் ஒரு நொதி அவ்விதையில் பழுதாகியிருக்கிறது. மாவு குறைய, சர்க்கரையும் நீரும் மிகுதியாக நிற்கின்றன. காயும்போது நீர் வற்றி விதை சுருங்குகிறது. ஆகவே சுருங்கிய விதை என்றால் இனிப்பான பட்டாணி. நெட்டை குட்டையின் காரணம் 1997-இல் வந்தது. எஞ்சி நின்ற மூன்று பண்புகள் 2025-இல்தான் முழுமையாக விளக்கப்பட்டன. காயின் உருவம் அவற்றுள் ஒன்று.

கலவன் செடி

இனி நாம் கடல் கடந்து செல்ல வேண்டும். அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் டுவின் ஃபால்ஸ் என்றொரு நகரம் இருக்கிறது. ஒருகாலத்தில் வெறும் புதர்க்காடாக இருந்த வறண்ட பூமி. 1905-ஆம் ஆண்டளவில் ஸ்நேக் ஆற்றில் அணை கட்டி வாய்க்கால் வெட்டியபின் அது விளைநிலமாயிற்று. மழை குறைவு, பாசனம் உண்டு என்பதால் பயிர்நோய் குறைவு. எனவே பட்டாணி, பீன்ஸ் விதை உற்பத்திக்கு உகந்த இடமாயிற்று. அங்கே கேலட்டின் வேலி என்னும் விதை நிறுவனத்தில் 1969-இல் கால்வின் லேம்போர்ன் என்ற பயிர் வளர்ப்பு அறிஞர் சேர்ந்தார்.

அவருக்கு இடப்பட்ட வேலை சிறியது. தட்டைப் பட்டாணியின் காய் சவ்வில்லாததால் கோணலாக முறுக்கிக்கொள்கிறது. அதைச் சற்று நேராக்க வேண்டும். நிறுவனத்தின் கையிருப்பில் ஒரு வேண்டாத செடி இருந்தது. விதை உற்பத்தி வயலில் ஆட்கள் வரிசை வரிசையாக நடந்து, இனத்துக்கு ஒவ்வாத செடியைப் பிடுங்கி எறிவார்கள். நம் நெல் வயலிலும் இதைக் கலவன் நீக்குதல் என்போம். உரிக்கும் பட்டாணி வயல் ஒன்றில் அப்படிக் கண்ட ஒரு கலவனின் காய்த்தோல் வழக்கத்தைவிடத் தடித்திருந்தது. உள்ளே மணிகள் நெருக்கியடித்துக்கொண்டிருந்தன. உரித்து விற்கும் வணிகனுக்கு அது வெறும் குறை. அதைப் பார்த்த அலுவலர் எறிந்துவிடாமல் விதையெடுத்து வைத்திருந்தார். இந்தத் தடித்தோலைத் தட்டைப் பட்டாணியோடு கலந்தால் காய் நேராகுமா என்று லேம்போர்ன் சோதித்தார்.

ஏட்டுக் கணக்குப்படி பார்ப்போம். சவ்வு முழுவதும் மறைவதற்கு இரண்டு ஒடுங்கு பண்புகள் சேர வேண்டும் என்பது மெண்டலுக்குப் பின் வந்தோர் கண்டது. (மெண்டல் கையாண்ட செடிகளில் அவற்றுள் ஒன்று மட்டுமே மாறியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் அவருக்குக் கணக்கு மூன்றுக்கு ஒன்றாக வந்திராது.) தோல் தடிப்பது மூன்றாவது ஒடுங்கு பண்பு. ஆக, முதல் தலைமுறையில் சவ்வு திரும்பிவிடும், தோல் மெலிந்துவிடும். பெற்றோர் இருவரின் நற்குணமும் கண்ணுக்குத் தெரியாது. அடுத்த தலைமுறையில் நான்கில் ஒன்று, அதில் நான்கில் ஒன்று, அதிலும் நான்கில் ஒன்று. அதாவது அறுபத்து நான்கு செடிக்கு ஒரு செடியில்தான் மூன்றும் ஒன்றுகூடும். புரூன் மடத்தில் தொலைந்தது திரும்பிய அதே விதி. காய் நேரானது மட்டுமன்று. சதைப்பற்றாய், திரண்ட மணியோடு, தோலும் இனிக்கும் ஒரு புதுக்காய் அந்த வரிசையில் நின்றது. அதைப் பல ஆண்டுகள் வடித்தெடுத்து 'சுகர் ஸ்நாப்' என்று பெயரிட்டு வெளியிட்டார்கள். 1979-இல் அகில அமெரிக்கத் தேர்வு என்னும் விதைப் போட்டியில் அதற்குத் தங்கப் பதக்கம் கிடைத்தது.

முதல் சுகர் ஸ்நாப் ஆளுயரம் படரும் நெட்டைக் கொடி. மெண்டலின் ஏழாவது பண்பைச் சேர்த்துக் குட்டையாக்கிய 'சுகர் ஆன்' 1984-இல் அதே போட்டியில் தேர்வு பெற்றது. நாரில்லாத வகைகளும் பின்னர் வந்தன. எனினும் சுவைக்கு முதல் நெட்டைக் கொடியே என்று அடித்துச் சொல்லும் தோட்டக்காரர்கள் இன்றும் இருக்கிறார்கள். லேம்போர்ன் 2017-இல் மறைந்தார்.

விதைப்பும் பறிப்பும்

பயிரிடும் முறையை இனிச் சொல்வோம். இது குளிர் விரும்பும் பயிர். பகலில் பதினைந்திலிருந்து இருபது பாகை செல்சியஸ் இதற்கு இன்பமான வெப்பம். முப்பதை நெருங்கினால் பூ உதிரும், காய் நாராகும். ஆகவேதான் ஐடஹோவிலும் செக் நாட்டிலும் பனி விலகியவுடனே, இளவேனிலின் தொடக்கத்தில், விதைத்துவிடுகிறார்கள். நம் நாட்டில் நீலகிரி, கொடைக்கானல் மலைகளுக்கே இது பொருந்தும். உதகையில் வாழ்ந்த ஐரோப்பியர்கள் 1845-இல் மாதச் சந்தா போட்டு, தங்கள் சீமைக் காய்கறிக்கென ஒரு தோட்டம் தொடங்கினார்கள் என்பதும், அதிலிருந்தே இன்றைய அரசு தாவரவியல் பூங்கா வளர்ந்தது என்பதும் மலை நாட்டு உறவினர் உள்ள நம் பங்கு மக்களுக்குச் சுவையான செய்தியாக இருக்கும்.

விதையை ஓர் அங்குல ஆழத்தில், இரண்டங்குல இடைவெளியில் ஊன்ற வேண்டும். சுருங்கிய விதை உருண்டை விதையைவிடக் குளிர்ந்த ஈர மண்ணில் எளிதில் அழுகும். அதிலுள்ள சர்க்கரையே அதற்குப் பகை. எனவே சேறான மண்ணில் ஊன்றாமல், நீர் வடியும் மண்ணைப் பொலபொலப்பாக்கி ஊன்றுவது நலம். எருவை அள்ளிக் கொட்ட வேண்டாம். பட்டாணியின் வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள தழைச்சத்தைத் தாமே பிடித்துக் கொடுக்கின்றன. நாமும் மிகுதியாகக் கொடுத்தால் கொடி தழைத்து மதர்த்து நிற்கும், காய்க்காது. நெட்டை வகைக்கு ஆறடி உயரப் பந்தற்கால் அல்லது வலை முதல் நாளே வேண்டும். கொடி தடுமாறியபின் கால் நட்டால் வேர் அறுபடும். பூக்கும் காலத்திலும் காய் திரளும் காலத்திலும் மண் காயவே கூடாது. வெயில் ஏறும்போது இலையில் வெண்பொடி பூத்தது போல் சாம்பல் நோய் வரும். காற்றோட்டமாகப் படரவிடுவது அதற்கு முதல் காப்பு.

ஊன்றி ஏறத்தாழ அறுபது எழுபது நாளில் பறிப்பு. இதில்தான் பலர் தவறுகிறார்கள். தட்டைப் பட்டாணியைப் பறிப்பது போலச் சுகர் ஸ்நாப்பையும் தட்டையாக இருக்கும்போதே பறித்துவிடுகிறார்கள். அப்போது தோலிலும் இனிப்பேறியிராது, மணியும் இராது. காய் முதலில் நீளும், பிறகுதான் திரளும். விரல் போல் உருண்டு, தோல் இன்னும் பளபளப்பாக இருக்கும் அந்த இரண்டு மூன்று நாள்தான் பருவம். பளபளப்பு மங்கி, தோலுக்குமேல் மணியின் முண்டு தனித்தனியாகத் தெரியத் தொடங்கினால் பருவம் கடந்துவிட்டது. காலையிலோ மாலையிலோ ஒருநாள் விட்டு ஒருநாளாவது பார்த்துப் பறிக்க வேண்டும். ஒரு கையால் கொடியைப் பிடித்துக்கொண்டு மறுகையால் காயை எடுக்க வேண்டும்; வெடுக்கென்று இழுத்தால் கொடியே கையோடு வரும். நான்கு காய் முற்றவிட்டாலும் செடி தன் கடமை முடிந்ததென்று பூப்பதை நிறுத்திக்கொள்ளும்.

பறித்த நேரத்திலிருந்தே உள்ளிருக்கும் சர்க்கரை மாவாக மாறத் தொடங்குகிறது. வெப்பமான இடத்தில் சில மணி நேரத்திலேயே வேறுபாடு நாவுக்குத் தெரியும். கடையில் வாங்கியதை உண்டுவிட்டு, இதில் என்ன இருக்கிறது என்போரை நாம் குறைகூற மாட்டோம். அவர்கள் உண்டது வேறு பண்டம். உடனே சமைக்க முடியாவிட்டால் கழுவாமல் பையிலிட்டுக் குளிர்பதனப் பெட்டியில் வைக்கலாம். அங்கும் இரண்டு மூன்று நாளைக்குமேல் நாம் வைக்கச் சொல்ல மாட்டோம்.

அடுப்படியில்

காயை ஆயும் முறை நம் தாய்மார்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. முறத்தை மடியில் வைத்துக்கொண்டு அவரைக்காய் ஆய்வது போலவேதான். காம்புப் பக்கம் நுனியைக் கிள்ளி, உள்வளைந்த ஓரமாக நாரை இழுக்க வேண்டும். முதல் சுகர் ஸ்நாப்புக்கு இரண்டு ஓரத்திலும் நார் உண்டு. ஒன்றை மட்டும் உரித்துவிட்டு, தொண்டையில் சிக்குகிறதென்று காயைக் குறைகூறக் கூடாது.

அதன்பின் செய்யவேண்டியது மிகக் குறைவு. பச்சையாகவே உண்ணலாம், பறித்த கையோடு பிள்ளைகளிடம் கொடுத்தால் அடுப்புக்கு வந்து சேராது. வேக வைப்பதானால் தளதளவென்று கொதிக்கும் உப்பு நீரில் ஒன்றரை நிமிடம், மிஞ்சினால் இரண்டு நிமிடம். நிறம் கரும்பச்சையாகாமல் இளம்பச்சை துலங்கும்போதே வடித்து, குளிர்ந்த நீரில் போட்டெடுக்க வேண்டும். நம் வழக்கப்படி கடுகும் காய்ந்த மிளகாயும் தாளித்து, அடுப்பைத் தூக்கி எரியவிட்டு, நான்கு புரட்டுப் புரட்டி, உப்பிட்டு, இரண்டு சிட்டிகை தேங்காய்த் துருவலோடு இறக்கிவிடலாம். மூடி போட்டு வேகவிடவே கூடாது. குழம்பிலும் குருமாவிலும் கொதிக்கவிட்டால் தையல் பிரிந்து தோல் வேறு மணி வேறாக மிதக்கும். அதற்குச் சாதாரணப் பட்டாணியே போதும். வெண்ணெயும் புதினாவும் சேர்ப்பது ஐரோப்பியர் முறை. பூண்டும் இஞ்சியும் சேர்த்து அதிவெப்பத்தில் புரட்டுவது சீனர் முறை. பின்னது நம் நாவுக்கு நெருக்கம் என்பது நம் எண்ணம்.

ஓர் எச்சரிக்கை சொல்லவேண்டும். மலைநகர்த் தோட்டங்களிலும் ஆலயப் பீடத்துப் பூச்சாடிகளிலும் 'ஸ்வீட் பீ' என்ற நறுமணப் பூக்கொடியைக் காண்கிறோம். பெயர் ஒன்று போலிருந்தாலும் அது வேறு இனம். அதன் காயும் விதையும் நஞ்சு. காய் பார்ப்பதற்குப் பட்டாணி போலவே இருக்குமாதலால் பிள்ளைகளை எட்ட வைக்க வேண்டும்.

விதைக்கென இரண்டு கொடிகளைத் தொடாமல் விட்டுவைப்பது நல்லது. பட்டாணிப்பூ தானே கருவுறுவதால் பக்கத்து வகையோடு பெரும்பாலும் கலப்பதில்லை; மெண்டல் இதைத் தேர்ந்ததற்கு இதுவும் ஒரு காரணம். காய் கொடியிலேயே பழுத்துப் பழுப்பாகட்டும். சாதாரணப் பட்டாணி போல இது வெடித்து விதையைச் சிதறாது. சவ்வில்லாத தோல் மணிகளை இறுகக் கவ்விக்கொண்டு, இடையிடையே ஒட்டிச் சுருங்கி நிற்கும். விரலால் கசக்கித்தான் விதையை எடுக்க வேண்டும். உள்ளிருக்கும் விதைகளும் சுருங்கியே இருக்கும். உருண்டையாக ஏதேனும் தென்பட்டால் அதைத் தனியே எடுத்துவிட்டு, மற்றவற்றை நிழலில் ஒருவாரம் உலர்த்தி, மூடியுள்ள தகர டப்பாவில் போட்டு, வகையின் பெயரையும் ஆண்டையும் எழுதிய சீட்டை உள்ளே வைத்து மூடிவிடலாம்.